முப்பத்தோராவது சுற்று

முப்பது சுற்றோடு முடிய வேண்டிய பந்தயத்தில் ஆறுச்சாமி முப்பத்தோராவது சுற்றுக்குப் போனபோது மணி மூன்றே கால், ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, மண்டையைப் பிளக்கிற வெயில். மைக் என் கையில்தான் இருந்தது, "இதோ வருகிறது ஒன்பதாம் நம்பர்" என்று நான்தான் கத்தினேன், அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அதையேதான் கத்திக்கொண்டிருக்கிறேன். என் பேர் அவினாசியப்பன். செங்கரட்டுப்பாளையத்தில் வந்து அந்தப் பேரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது, மைக்செட்டு வீடு எது என்று கேட்டால் நடக்கப் பழகாத குழந்தைகூடக் கையை நீட்டும். நான் பொய்யே சொல்லமாட்டேன் என்று சத்தியமெல்லாம் செய்யப்போவதில்லை. இந்தக் கதையில் நான் சொன்ன பொய் ஒன்று வருகிறது, அது வரும்போது நானே காட்டிக்கொடுக்கிறேன்.

பந்தய மைதானம் என்று இப்போது போர்டு மாட்டியிருக்கிற இடம் முன்னே குளம். முட்டை வடிவத்தில் கிடந்ததால் முட்டைக்குளம். ஆடிப் பதினெட்டில் அதன் மடையைத் திறப்பார்கள், மடைக்கல்லின் மேல் ஏறி முதல் பலகையைத் தூக்குகிறவருக்குத்தான் ஊரில் முதல் மரியாதை, மாலையும் பரிவட்டமும் அவருக்குத்தான், அந்தப் பலகையை யார் தூக்குவது என்று ஊரின் இரண்டு பாதியான மேலவளவும் கீழவளவும் மூன்று தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்டன. பிறகு பஞ்சாலை வந்தது, ஆலைக்காரர் ஆழமாகக் கிணறு தோண்டினார், நாலே வருஷத்தில் குளம் வறண்டு வேலிக்காத்தான் முள் மண்டிவிட்டது. தண்ணீர் போனதற்கு ஊரில் ஒருத்தரும் பெரிதாக அழவில்லை. பலகை தூக்குகிற மரியாதை போனதற்குத்தான் இரண்டு வளவும் அழுதன.

சீமையில் படித்துவிட்டு வந்த ஆலைக்காரர் மகன், சின்ன முதலாளி என்போம், ஒருநாள் குளத்துக்கரை மேல் ஏறி நின்று பார்த்தார். இரண்டு நேர் ஓட்டம், இரண்டு வளைவு, உட்கார்ந்து பார்க்கக் கரையே காலரி, கார்ப் பந்தயத்துக்கென்றே வெட்டி வைத்த மாதிரி இருக்கிறதே என்றார். முள்ளை வெட்டி, கரையை ஒட்டி உள்பக்கமாக நாற்பதடி அகலத்துக்கு மண் கொட்டி, கல்லுருளை உருட்டி, புழுதி அடங்க ஆலையின் கழிவெண்ணெயைத் தெளித்து, ஒன்றேகால் மைலுக்கு முட்டை வடிவத்திலேயே பாதை போட்டுவிட்டார். ஊராரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று முதல் பந்தயத்தை ஆடிப் பதினெட்டில் வைத்தார், முடிவுக்கோட்டை மடைக்கல்லுக்கு நேரே போட்டார், பந்தயம் முடிந்தது என்று காட்டுகிற கட்டம்போட்ட கொடியை அந்த மடைக்கல்லின் மேல் நின்று இறக்க ஏற்பாடு செய்தார். மனுசன் அங்கேதான் கோட்டை விட்டார். மடைக்கல்லின் மேல் ஏறி நின்று ஒன்றைத் தூக்கி இறக்கினால் அது எங்கள் ஊரில் மடைத்திறப்புத்தான், கையில் இருப்பது பலகையா கொடியா என்பதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

ஆறுச்சாமி ஆலையில் ஃபிட்டர். சங்கு ஊதினால் ஸ்பானரைத் தொடுவார், சங்கு ஊதினால்தான் கீழே வைப்பார். ஒருதரம் சங்கு ரிப்பேராகி ஊதாமல் போக, அடுத்த ஷிப்டு ஆள் வந்து பிடுங்குகிற வரைக்கும் வேலை செய்துகொண்டிருந்த ஆள். சின்ன முதலாளி ஒரு பழைய காரின் கண்ணாடிகளைக் கழற்றி, ஒன்பது என்று வெள்ளை பெயிண்டில் எழுதி, அவரை உள்ளே உட்காரவைத்து, கொடி விழுகிற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு பேச்சு போதாதா அவருக்கு? ஆறு வண்டி கிளம்பியது, இருபதாவது சுற்றிலேயே எங்கள் ஆள்தான் முன்னால், நான் மைக்கில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டாவது சுற்றில் மேலவளவுப் பெரியவர் நாச்சப்பர் மடைக்கல்லின் மேற்குப் படியில் ஏறினார், கீழவளவுப் பெரியவர் சென்னியப்பர் கிழக்குப் படியில் ஏறினார், இரண்டு பேரும் கொடிக்கம்பில் ஆளுக்கொரு கை வைத்தார்கள், இருபத்தொன்பதாவது சுற்றில் இரண்டு வளவும் செருப்பைக் கழற்றிவிட்டன. முப்பதாவது சுற்றை ஆறுச்சாமி முடித்தபோது மடைக்கல்லின் மேல் வேட்டியும் தலையும்தான் தெரிந்தன, கொடி தெரியவில்லை. அவர் போய்விட்டார்.

போலீஸ் வந்து கொடியைப் பிடுங்கிச் சீல் வைத்துக் கோர்ட்டில் ஒப்படைத்தது. வேறு ஒரு கொடியைக் காட்டலாமே என்று கேட்பீர்கள், சின்ன முதலாளியும் அழாத குறையாக அதைத்தான் கேட்டார், ஆனால் எந்தக் கொடியை எந்த வளவு காட்டினாலும் மடை திறந்த உரிமை அந்த வளவுக்குப் போய்விடும் அல்லவா, அதனால் இரண்டு பக்கமும் கல்லைச் சுற்றி ஆள் போட்டுக் காவல் நின்றன, தீர்ப்பு வரும்வரை மடைக்கல்லில் யாரும் எந்தக் கொடியும் காட்டக்கூடாது என்று கோர்ட்டும் தடை போட்டது. மற்ற ஐந்து வண்டிகள் பெட்ரோல் தீர்ந்து ஒவ்வொன்றாக நின்றன. ஆறுச்சாமியின் வண்டி நிற்கவில்லை. டேங்க் எப்போதோ காலியாகியிருக்கும் என்று மெக்கானிக் கணக்குப் போட்டுச் சொன்னார், அப்புறம் எதில் ஓடுகிறது என்று யாரோ கேட்டார்கள், "ஓடுதுல்ல, அப்புறம் என்ன உனக்கு" என்றார் மெக்கானிக். நாங்களும் அதோடு விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம்.

ஆறுச்சாமியின் பெண்டாட்டி துளசிமணிக்கு அப்போது இருபது வயசு, வயிற்றில் ஆறு மாசப் பிள்ளை. முதல் வாரமெல்லாம் இன்றைக்கு வந்துவிடுவார், நாளைக்கு வந்துவிடுவார் என்று வீட்டில் உலை வைத்துக் காத்திருந்தவள், எட்டாம் நாள் சோற்றைத் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு தெற்கு வளைவுக்கு வந்து நின்றாள். வளைவில் வண்டி கொஞ்சம் வேகம் குறையும், ஜன்னலைப் பார்த்து வீசினால் அவர் இடது கையால் பிடித்துக்கொள்வார், இரண்டாம் நாளே இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் கட்டி வீசினாள், குளிக்க வேண்டுமென்று வாளித் தண்ணீரை மொத்தமாக ஜன்னலுக்குள் ஊற்றினாள், மாசம் ஒருதரம் சவரம் செய்கிறவர் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து பக்கத்திலேயே ஓடி ஒரு சுற்றுக்கு ஒரு கன்னம் என்று வழித்துவிட்டார். தூக்கமா? நேர் ஓட்டத்தில் கண்ணை மூடி வளைவில் திறக்கப் பழகிக்கொண்டார்.

பேச்சுக்குத்தான் வழி இல்லை. வளைவைக் கடக்கிற நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம், அதற்குப் பதில் வார்த்தை அவர் அடுத்த சுற்று வந்தால்தான். பெண் பிறந்து பதினாறாம் நாள் துளசிமணி குழந்தையைத் தூக்கிக் காட்டி என்ன பேர் வைப்பது என்று கேட்டபோது, அவர் "எங்கம்மா" என்றார், அடுத்த சுற்றில் "பேரு" என்றார், அதற்கு அடுத்த சுற்றில் "வையி" என்றார், அப்படித்தான் அந்தப் பிள்ளைக்கு மயிலாத்தாள் என்று பேராயிற்று. ஒரு புருசன் பெண்டாட்டிச் சண்டை காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை போகும். வார்த்தை வார்த்தையாகச் சண்டை போட்டால் பாதியிலேயே கோபம் போய்விடும் போலிருக்கிறது, ஊரில் அவர்கள் இரண்டு பேரும்தான் குறைவாகச் சண்டை போட்ட ஜோடி.

ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்கள். மனுசன் எதைத்தான் எடுத்துக்கொள்ளமாட்டான்! முதல் மாசம் சத்தம் தாங்கவில்லை என்று புலம்பினோம், மூன்றாம் மாசம் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தொட்டில் குழந்தை தூங்காது என்றானது, ஆறாம் மாசம் கடிகாரத்தை விட்டுவிட்டோம், பத்துச் சுற்றில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனோம், நாற்பது சுற்றில் பருப்பு வெந்துவிடும் என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். வெளியூரிலிருந்து பார்க்க வந்தார்கள். வண்டி வாங்கினவர்கள் சாவியைக் கொண்டுவந்து கரையில் வைத்து எடுத்துப்போனார்கள், காணாமல்போன புருசனுக்காக வேண்டிக்கொண்ட பெண்கள் வளைவில் மஞ்சள் துணி கட்டினார்கள், நிக்காத வண்டியைப் பார்த்துவிட்டு வந்தால் ஓட்டிய வண்டி கவிழாது என்று லாரிக்காரர்கள் எங்கிருந்தோ கிளப்பிவிட்டார்கள். கரையில் முதலில் ஒரு கம்மங்கூழ்ப் பானை வந்தது, பிறகு பஜ்ஜிக் கடை, பிறகு வரிசையாகக் கடை, பிறகு பஸ் ஸ்டாப்.

பாதையும் வளர்ந்தது. மண் பாதையில் குழி விழுந்ததும் தார் போடத் தீர்மானித்தார்கள், ஓடுகிற வண்டியை நிறுத்த முடியாதே என்று உள்பாதியில் போடும்போது அவரை வெளிப்பாதியில் ஓட்டச் சொல்லி நான் மைக்கில் சொன்னேன், வெளிப்பாதியில் போடும்போது உள்ளே வரச் சொன்னேன், அவர் சொன்னபடி செய்தார், மைக்கில் என்ன சொன்னாலும் செய்வார். பிறகு வளைவுகளை வெளிப்பக்கம் சட்டி விளிம்பு மாதிரி உயர்த்தினார்கள், அதனால் வளைவிலும் வேகம் குறையாமல் போக முடிந்தது, சோற்று மூட்டை இரண்டில் ஒன்று தவறி விழுந்தது. பிறகு இரண்டாயிரம் பேர் உட்கார சிமெண்ட் காலரி. பிறகு ஜனங்களுக்குப் பாதுகாப்பு என்று பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரச் சுவர், அதன்மேல் கம்பி வலை, துளசிமணிக்கு மட்டும் தெற்கு வளைவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி விட்டார்கள். பிறகு மடைக்கல்லைச் சுற்றிக் கோபுரம் மாதிரி கட்டி, இரும்புக் கதவு போட்டு, பூட்டின சாவியில் ஆளுக்கு ஒன்றை இரண்டு வளவும் வைத்துக்கொண்டன. வருஷா வருஷம் மற்ற வண்டிகளுக்கும் பந்தயம் நடந்தது, அவை கிளம்பும், ஓடும், களைத்து ஒதுங்கும், யாருக்கும் கொடி விழாது, கடைசியில் ஒன்பதாம் நம்பர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு முடி நரைத்தது, பல் விழுந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினைந்தாம் வருஷம் பஞ்சாலையை மூடினார்கள். சின்ன முதலாளி மைதானத்தை ஊருக்கே எழுதிவைத்துவிட்டு ஒரு காலையில் காரேறிப் போனார், போகும்போது தெற்கு வளைவில் இறங்கி ஆறுச்சாமியைப் பார்த்துக் கும்பிட்டார் என்று சொல்வார்கள், நான் பார்க்கவில்லை. ஆலை போனபின் எங்களுக்கென்று இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். மைதானத்துக்குக் கமிட்டி போட்டார்கள். தலைவர் நாச்சப்பர், செயலாளர் சென்னியப்பர். ஒருத்தரையொருத்தர் செருப்பால் அடித்துக்கொண்டவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். இருபத்திரண்டாம் வருஷம் தீர்ப்பு வந்தது: இருவரும் சேர்ந்தே கொடியை இறக்கலாம் என்று. அன்றைக்கு இரண்டு பேர் முகத்திலும் ரத்தமே இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு வளவும் சேர்ந்து ஒரே வக்கீலை வைத்து, தங்களுக்குச் சாதகமான அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கின. ஊரே பட்டாசு வெடித்தது. நான் மைக்கில் வாழ்த்துச் சொன்னேன்.

துளசிமணி பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் சோற்று மூட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். மயிலாவை அதற்குள் கட்டிக்கொடுத்துவிட்டாள், மாப்பிள்ளை வெளியூர்க்காரன், ஆனால் கல்யாணமானதும் இங்கேயே வந்து காலரிக்குக் கீழே கேன்டீன் எடுத்துவிட்டான். கல்யாணத்தை மைதானத்தின் நடுவில்தான் பந்தல் போட்டு நடத்தினார்கள், ஆறுச்சாமி சுற்றிக்கொண்டே ஒன்பது சுற்றில் ஒன்பது கை அரிசி எறிந்தார், பெண்ணின் தலையில் விழுந்தது இரண்டு கைதான்.

இருபத்தாறாம் வருஷம் ஆடி பிறந்த அன்றைக்குக் காலையில் அவர் ஒரு பேச்சை ஆரம்பித்தார். "காலு" என்றார். அடுத்த சுற்றில் "மரத்துப்" என்றார். அதற்கு அடுத்த சுற்றில் "போச்சு" என்றார். பிறகு "கண்ணும்". பிறகு "தெரியல". பிறகு ரொம்ப நேரம், முப்பது நாற்பது சுற்றுக்கு, ஒன்றுமே சொல்லாமல் போனார். அப்புறம் "எறங்கோணும்" என்றார். அப்புறம் "கொடி". அப்புறம் "கேளு".

கேட்டாள். ஒரு வீடு விடாமல் கேட்டாள். நாச்சப்பர் அவளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, கோர்ட்டுத் தடை இருக்கிறதே அம்மிணி என்று கண் கலங்கினார். சென்னியப்பரும் கலங்கினார், அங்கேயும் காப்பி. பஜ்ஜிக் கடைக்காரி, சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், வளைவில் மஞ்சள் துணி விற்கிறவள், எல்லாரும் அவளைத் தொட்டுத் தடவி, ஐயோ பாவம் என்று சொல்லி, எங்க கையில என்ன இருக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் ஒருத்தர்கூட அவளைக் கடுமையாக ஒரு சொல் சொல்லவில்லை. கடைசியில் பெற்ற மகளிடம் போனாள். மயிலா இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றுகொண்டு, அப்பா இறங்கிட்டா இந்த ரெண்டையும் நான் எதைப் போட்டு வளர்த்துறதும்மா என்று கேட்டாள். துளசிமணி பேரனின் மூக்கைத் துடைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் என் ரூமுக்கு வந்தாள். காலரி உச்சியில் கண்ணாடி போட்ட ரூம் என்னுடையது, முட்டைக்குளம் முழுசும் தெரியும்.

"அவினாசிண்ணா, நீங்க மைக்குல சொன்னா அவரு எதையுங் கேப்பாரு. கொடி உழுந்துருச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வேற ஒண்ணுங் கேக்கல" என்றாள்.

கொடி விழாமல் விழுந்தது என்று எப்படியம்மா சொல்வது, மைக்கு கமிட்டியுடையது, நான் கூலிக்காரன் என்றேன். அவள் மைக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன். எதற்கு மூடினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை, பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாளா என்ன!

அவள் வீட்டுக்குப் போய்க் கொடி தைத்தாள். வெள்ளைக்கு ஆலை ஓடின காலத்தில் போனஸுக்குக் கொடுத்த துணி, கறுப்புக்கு ஆறுச்சாமியின் பழைய குடை. கட்டம் கட்டமாக வெட்டி, கையால் தைத்து, கம்புக்குத் தொரட்டியின் கழியை உருவிக்கொண்டாள். நாலு நாள் தைத்தாள். வாசலில் உட்கார்ந்துதான் தைத்தாள், போகிற வருகிற எல்லாரும் பார்த்தோம், எங்கே கொண்டுபோய்க் காட்டிவிடுவாள், கோபுரத்துச் சாவி இரண்டும் பத்திரமாக இருக்கிறது என்று கமிட்டியும் கண்டுகொள்ளவில்லை. சுவருக்கு வெளியே நின்று காட்டினால் கம்பி வலையில் அவருக்குத் தெரியாது. கோட்டில் காட்டாத கொடி கொடியும் அல்ல.

இங்கே ஒன்று சொல்லவேண்டும், இதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்கள் ஊரில் ஒருத்தரும் ஒரு பந்தயம் முடிந்து பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷம், இத்தனை காலரி, இத்தனை கூட்டம், ஒரு கொடி விழுந்து ஒரு வண்டி நின்றதை யார் பார்த்தார்கள்? கண்டக்டர் விசில் ஊதினால் பஸ் நிற்பதுபோலக் கொடி விழுந்தால் வண்டி அப்படியே நின்றுவிடும் என்றுதான் பச்சைக் குழந்தையிலிருந்து நாச்சப்பர் வரைக்கும் எல்லாரும் நினைத்திருந்தார்கள். துளசிமணியும் அப்படித்தான் நினைத்தாள். கோட்டைத் தாண்டின பிறகுதான் காலை எடுக்கவேண்டும், வண்டி அதற்கப்புறமும் வெகுதூரம் ஓடித்தான் நிற்கும் என்பது சின்ன முதலாளிக்குத் தெரியும், ஆறுச்சாமிக்குத் தெரியும், பந்தயச் சட்டப் புத்தகத்தைப் படித்திருந்ததால் எனக்குத் தெரியும்.

ஆடிப் பதினெட்டு. காலரி நிறைந்திருந்தது. மூன்று மணி சுமாருக்குத் துளசிமணி தெற்கு வளைவின் இடைவெளியில் நுழைந்தாள், எல்லாரும் சோறு வீசப் போகிறாள் என்று நினைத்தோம், அவர் கடந்து போனதும் பாதையில் இறங்கி, சேலையைச் சொருகிக்கொண்டு, சுவர் ஓரமாகவே ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவர் வரும்போது சுவரோடு ஒண்டினாள், போனதும் நடந்தாள், அப்படி மூன்று சுற்று. கோட்டுக்கு வந்ததும் பாதையின் நடுவில் போய் நின்று கொடியைப் பிரித்தாள். வண்டி அப்போது வடக்கு வளைவின் அந்தப்பக்கம். முப்பத்தைந்து விநாடி இருந்தது. மைக் என் கையில் இருந்தது. துண்டு போட்டு மூடியிருக்கவில்லை, திறந்துதான் இருந்தது. "ஆறுச்சாமி, நிறுத்து" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். காலரி மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது, கூட்டம் எழுந்தால் என் வாய் தானாகத் திறந்துவிடும், இருபத்தாறு வருஷப் பழக்கம், "இதோ வருகிறது ஒன்பதாம் நம்பர்" என்று கத்தினேன்.

அவர் கொடியைப் பார்த்துவிட்டார். பூ விழுந்த கண்ணுக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டும் தெரிந்திருக்கிறது, பிடித்திருந்தவள் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே கோட்டை முழு வேகத்தில் தாண்டினார், தாண்டின பிறகு காலை எடுத்தார். வண்டி தெற்கு வளைவு வரைக்கும் ஓடி, அவள் வழக்கமாகச் சோறு வீசுகிற இடத்தில் போய் நின்றது.

சத்தம் நின்றது. அந்த அமைதியை நாங்கள் கேட்டதே இல்லை. ஊருக்குள் தொட்டில் குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீரிட்டு அழுதன, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது, இரண்டு மூன்று கிழவர்கள் செத்துவிட்டோம் என்று நினைத்து நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் கோட்டுக்கு ஓடவில்லை. நான் மறைக்க விரும்பவில்லை, நாங்கள் எல்லாரும் வண்டியைப் பார்த்துத்தான் ஓடினோம்.

ஆறுச்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கை விரல்கள் பிரியவில்லை. "நான் ஜெயிச்சனுங்களா?" என்று கேட்டார்.

அப்புறம் "கோட்டுகிட்ட என்னமோ தட்டுச்சே, என்னதுங்க அது?" என்று கேட்டார்.

நாச்சப்பர் சென்னியப்பரைப் பார்த்தார், சென்னியப்பர் என்னைப் பார்த்தார். "நாயி. குறுக்க வந்துருச்சு" என்றேன். நான் முதலில் சொன்னேனே, அந்தப் பொய் இதுதான்.

அவர் நாய்க்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். அதற்குள் கமிட்டி அங்கேயே நின்றபடி கூடி முடித்துவிட்டது. காட்டினவருக்கு மடை உரிமை இல்லை, இடமும் மடைக்கல் இல்லை, கோர்ட்டுத் தடையும் இருக்கிறது, ஆகவே அது செல்லாத கொடி. அதை அவரிடம் சொல்லுகிற வேலையையும் எனக்கே கொடுத்தார்கள், என் குரலென்றால்தான் நம்புவார் என்றார்கள். சொன்னேன்.

"அப்ப இன்னும் முடியலீங்களா?" என்றார்.

"இன்னும் முடியல, ஆறுச்சாமி."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தரையைப் பார்த்தார், நிற்கிற தரையை அவர் பார்த்து இருபத்தாறு வருஷம், ஒரு கையை நீட்டித் தாரைத் தொட்டும் பார்த்தார். யாராவது ஒருத்தர் வண்டிக் கதவைத் திறந்திருந்தால் இறங்கியிருப்பார். எல்லாரும் வண்டிக்குப் பின்னால் போய்விட்டோம், தள்ளுவதற்கு. "துளசி வந்தா, சோத்தக் கொஞ்சம் மெதுவா வீசச் சொல்லுங்க, கண்ணு தெரியல" என்றார். இரண்டு தள்ளில் வண்டி பிடித்துக்கொண்டது. பெட்ரோல் ஊற்றலாமா என்று யாரோ கேட்டார்கள், இத்தனை வருஷம் இல்லாததா என்று விட்டுவிட்டோம். அவர் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கோட்டில் மண் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றி, கூட்டிவிட்டிருந்தார்கள். ஊருக்குள் குழந்தைகள் அழுகையை நிறுத்தின.

மறுநாள் அவருக்குச் சோறு வீச ஆள் வேண்டியிருந்தது. கமிட்டி போய்க் கேட்டது. மயிலா அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு, அம்மாவைப் போலவே முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, தெற்கு வளைவில் போய் நின்றாள். மூட்டையை மெதுவாக வீசினாள். "துளசி" என்றார் அவர். அவள் "ம்" என்றாள். அன்றைக்கு அவள் கேன்டீனுக்குத் திரும்பி வந்து அழுததைப்போல ஒரு அழுகையை நான் கேட்டதில்லை, அழுது முடித்துவிட்டு எழுந்து போண்டாவுக்கு மாவு கரைத்தாள், கூட்டம் காத்திருந்தது. இது நடந்து மூன்று வருஷமாகிறது. காலரியை இன்னும் உயர்த்தியிருக்கிறோம், கோட்டுக்குப் புது வெள்ளை அடித்திருக்கிறோம்.

இன்றைக்குக் காலையிலும் அவர் ஒரு பேச்சு ஆரம்பித்தார், ரூமிலிருந்து எனக்கு எல்லாம் கேட்கும். "மயிலா" என்றார். அடுத்த சுற்றில் "ஏன்" என்றார். அடுத்த சுற்றில் "வர்றதே". அடுத்த சுற்றில் "இல்ல". வளைவில் நின்றவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றை விட்டுவிட்டாள். பிறகு அம்மா குரலில், சுற்றுக்கு ஒன்றாகச் சொன்னாள்: "புருசன்." "ஊட்டுல." "நல்லா." "இருக்கா."

அடுத்த சுற்றில் அவர் "சரி" என்றார். நான் மைக்கைத் திறந்து, இதோ வருகிறது ஒன்பதாம் நம்பர் என்றேன்.